கருந்துளையின் ஓரத்தில் ஓர் இரும்புக் கோடு

ஒரு விண்மீன் திரளின் நடுவே, நம் சூரியக் குடும்பத்துக்குள் அடங்கிவிடக்கூடிய சிறியதோர் இடத்திலிருந்து, அத்திரளின் கோடானுகோடி விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து தரும் ஒளிக்கு ஈடான, சில வேளைகளில் அதையும் விஞ்சிய ஆற்றல் வெளிப்படுமானால், அதைச் செயலூக்க விண்மீன் திரள் என்கிறோம். 1943-இல் கார்ல் சைஃபர்ட் என்ற அமெரிக்க வானியலாளர் இத்தகைய ஆறு திரள்களை ஆராய்ந்து, அவற்றின் மையத்திலிருந்து வரும் நிறமாலைக் கோடுகள், அதாவது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் தரும் ஒளிக் கோடுகள், வழக்கத்துக்கு மாறாக அகன்றிருப்பதைப் பதிவு செய்தார். அங்குள்ள வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது என்பதற்கு அந்த அகலமே சான்று. இருபது ஆண்டுகள் கழித்து, 1963-இல், வெறும் விண்மீன்போலத் தோன்றிய 3சி 273 என்ற பொருள் 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது என்று மார்ட்டென் ஷ்மிட் காட்டினார். அதே ஆண்டில்தான் சுழலும் கருந்துளை ஒன்றைச் சுற்றிக் காலவெளி எப்படி வளையும் என்பதற்கான கணிதத் தீர்வை ராய் கெர் கண்டறிந்தார். ஒருவர் தொலைநோக்கியில் கண்டதும் மற்றவர் காகிதத்தில் கண்டதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, அந்த ஆற்றல் கருந்துளையில் விழும் வாயுவிலிருந்தே வருகிறது என்பது உலகுக்குத் தெளிவாகப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்தத் தொடர்பு எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைத்தான். கருந்துளையின் மிக அருகில், ஒளிகூடச் சிரமப்பட்டே தப்பி வரும் இடத்தில், என்ன நடக்கிறது என்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஒற்றைத் தனிமத்தின் ஒற்றை நிறமாலைக் கோட்டிலிருந்து வந்தது. அந்தத் தனிமம் இரும்பு. கோட்டின் ஆற்றல் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு); அதாவது அது ஓர் எக்ஸ் கதிர்க் கோடு. அதன் வடிவத்தைப் பற்றி முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதத்தை நான் இயற்பியல் மாணவனாக இருந்த நாளிலிருந்து பின்தொடர்கிறேன். அறிவியல் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே அது நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எக்ஸ் கதிர்கள் நம் வளிமண்டலத்தைக் கடந்து தரைக்கு வருவதில்லை. மலையுச்சியில் தொலைநோக்கி வைத்தும் பயனில்லை. கருவி விண்வெளிக்கே போயாக வேண்டும். 1962 ஜூன் மாதம் நியூ மெக்சிகோவிலிருந்து ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ஏவிய ராக்கெட் வளிமண்டலத்துக்கு மேலே சில நிமிடங்களே இருந்தது. அதற்குள் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள முதல் எக்ஸ் கதிர் மூலத்தையும், வானம் முழுவதும் பரவிய மங்கலான எக்ஸ் கதிர்ப் பின்னணியையும் அது கண்டது. அந்தப் பின்னணியின் பெரும்பகுதி தொலைதூரச் செயலூக்கத் திரள்களின் கூட்டு ஒளியே என்பது பின்னாளில் தெரியவந்தது. 1970 டிசம்பர் 12 அன்று, கென்யாவின் விடுதலை நாளில், அந்நாட்டின் கடலோர மேடையிலிருந்து ஏவப்பட்டதால் சுவாகிலி மொழியில் 'விடுதலை' என்று பொருள்படும் உஹுரு என்ற பெயரைப் பெற்ற செயற்கைக்கோள், எக்ஸ் கதிர் வானத்தின் முதல் அட்டவணையைத் தந்தது. சைஃபர்ட்டின் ஆறில் இரண்டான என்.ஜி.சி. 1275, என்.ஜி.சி. 4151 ஆகியவற்றிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதையும் அதுவே கண்டது. இவ்விரு பெயர்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ் கதிரைக் குவிப்பதே ஒரு தனிக்கலை. சாதாரண ஆடியின் மீது நேராக விழும் எக்ஸ் கதிர் ஆடிக்குள் புதைந்துவிடும். ஆனால், குளத்து நீரின் மேல் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு மூழ்காமல் தத்திச் செல்வதுபோல, பளபளப்பான உலோகப் பரப்பை உரசினாற்போல மிகச் சிறிய கோணத்தில் வந்தால் அது தெறித்துத் திசை மாறும். 1952-இல் ஹான்ஸ் வோல்ட்டர் வகுத்த இந்த வடிவமைப்பில், ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய குழாய்களைப் போல ஆடிகள் அமைகின்றன. 1999 டிசம்பரில் ஐரோப்பா ஏவிய எக்ஸ்.எம்.எம்.–நியூட்டனில் மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் பொன்முலாம் பூசிய 58 ஆடிகள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கா ஏவிய சந்திராவில் நான்கே இணை ஆடிகள்தாம்; ஆனால் அவை இதுவரை செய்யப்பட்ட எக்ஸ் கதிர் ஆடிகளிலேயே மிகக் கூர்மையானவை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அது தாங்கியிருப்பதும், அவர் தம் பிற்கால ஆண்டுகளைக் கெர் கண்ட அதே சுழலும் கருந்துளைகளின் கணிதத்துக்குக் கொடுத்திருப்பதும் எனக்கு எப்போதும் நிறைவு தரும் செய்திகள்.

ஆடி குவித்த கதிர் உணரியில் ஒவ்வொரு ஒளித்துகளாகவே வந்து விழுகிறது. 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு துகள் சிலிக்கானில் விழுந்தால் ஏறத்தாழ 1,750 எலக்ட்ரான்களை விடுவிக்கும். அவற்றை எண்ணினால் வந்த துகளின் ஆற்றல் தெரிந்துவிடும். ஆகவே ஓர் எக்ஸ் கதிர் நோக்கல் என்பது அடிப்படையில் ஒரு பட்டியல்: இந்தத் துகள் இந்த நேரத்தில், இந்த இடத்தில், இவ்வளவு ஆற்றலோடு வந்தது. படம், நிறமாலை, ஒளி ஏற்ற இறக்கத்தின் வரைபடம் ஆகிய மூன்றும் அந்த ஒரே பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. இந்தப் பட்டியல்கள் உரிய காலம் கழிந்தபின் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. எவரும் தம் வீட்டுக் கணினியில் இறக்கி வரைந்து பார்க்கலாம். நான் அவ்வாறு வரைந்து பார்க்கும்போதெல்லாம், கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒவ்வொரு துகளுக்கும் அட்டவணையில் தனி வரி ஒன்று இருப்பதைக் கண்டு சற்று நேரம் அப்படியே இருந்துவிடுவேன்.

இனி இரும்புக்கு வருவோம். கருந்துளையில் விழும் வாயு நேராக விழுவதில்லை. அதைச் சுற்றிச் சுழன்று, வட்டாகப் பரந்து, உராய்ந்து சூடேறி, மெல்ல மெல்ல உள்ளே நகர்கிறது. கோடி சூரியன் நிறையுள்ள கருந்துளையைச் சுற்றிய வட்டு பெரும்பாலும் புறஊதா ஒளியைத் தரும் அளவுக்கே சூடானது. எக்ஸ் கதிர்கள் வருவது, வட்டின் உட்பகுதிக்கு மேலே எங்கோ இருக்கும், நூறு கோடி பாகை அளவில் கொதிக்கும் எலக்ட்ரான் கூட்டத்திலிருந்து. அதற்குக் கொரோனா என்று பெயர். இந்தக் கொரோனாவின் கதிர்களில் ஒரு பகுதி நேராக நம்மிடம் வருகிறது. மறு பகுதி கீழே வட்டின் மீது விழுகிறது. அங்கே ஓர் இரும்பு அணுவின் மிக உள்ளார்ந்த கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானை அது தட்டி வெளியேற்றினால், வெளிக்கூட்டிலிருந்து இன்னொன்று அந்த வெற்றிடத்துக்கு இறங்குகிறது, அப்போது 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒளித்துகள் பிறக்கக்கூடும். எடை குறைந்த தனிமங்களில் இந்த ஆற்றல் பெரும்பாலும் ஒளியாக வராமல் இன்னொரு எலக்ட்ரானை உதைத்துத் தள்ளுவதிலேயே கழிந்துவிடும். இரும்பிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை ஒளித்துகள் வெளிவருகிறது. கன தனிமங்களில் இரும்பு அண்டமெங்கும் தாராளமாகவும் கிடைக்கிறது. இவ்விரண்டும் கூடியதால்தான் வேறெந்தத் தனிமமும் பேசாத அளவுக்கு இரும்பு நம்மிடம் பேசுகிறது.

ஆய்வகத்தில் இந்தக் கோடு ஊசிபோல் மெல்லியது. கருந்துளையின் அருகே அப்படி இருக்க முடியாது. வட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி விரைகிறது, மறு பக்கம் விலகுகிறது. ஆகவே கோடு இரு புறமும் விரிகிறது. ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கோடு நம்மை நோக்கி வரும் பக்கம் கூடுதல் பிரகாசமாகவும் தெரிகிறது. இவற்றோடு, ஈர்ப்பின் ஆழத்திலிருந்து ஏறி வரும் ஒவ்வொரு துகளும் தன் ஆற்றலில் ஒரு பங்கை இழக்கிறது. எவ்வளவு உள்ளேயிருந்து வருகிறதோ அவ்வளவு இழப்பு. இவை அனைத்தும் சேர்ந்து, உயர் ஆற்றல் பக்கம் செங்குத்தாக நின்று, தாழ் ஆற்றல் பக்கம் நீண்ட வால்போல் சரியும் ஒரு வடிவத்தைத் தர வேண்டும் என்று ஆண்ட்ரூ ஃபேபியனும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் கணக்கிட்டனர். அந்த வால் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதில்தான் கருந்துளையின் தற்சுழற்சி ஒளிந்திருக்கிறது. சுழலாத கருந்துளையைச் சுற்றி வாயு நிலையாகச் சுற்றிவரக்கூடிய கடைசி வட்டப்பாதை அதன் ஆரத்தைப் போல் மூன்று மடங்கு தொலைவில் இருக்கும். மிக வேகமாகச் சுழல்வதில், வாயு சுழற்சித் திசையிலேயே சுற்றினால், அப்பாதை கருந்துளையின் விளிம்பை ஏறக்குறைய ஒட்டியே வந்துவிடும்.

ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் 1990 வாக்கில் சைஃபர்ட் திரள்கள் பலவற்றில் இரும்புக் கோடு இருப்பதைக் காட்டிவிட்டது. ஆனால் அதன் உணரிக்குக் கோட்டின் வடிவத்தைப் பிரித்துணரும் திறன் இல்லை. 1993 பிப்ரவரியில் ஏவப்பட்ட ஆஸ்கா, நான் மேலே சொன்ன சிலிக்கான் வகையான சி.சி.டி. உணரிகளை எக்ஸ் கதிர் வானியலுக்கு முதன்முதலாகக் கொண்டுசென்றது. 1994 ஜூலையில் அது எம்.சி.ஜி. –6-30-15 என்ற, ஏறத்தாழ 12 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள சிறிய திரளை நான்கு நாட்களுக்கும் மேலாக உற்றுநோக்கியது. யசுவோ தனாகாவின் குழு 1995-இல் வெளியிட்ட நிறமாலையில் அந்தக் கோடு நொடிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் வேகத்துக்கு ஒப்பான அகலத்தோடு, கணக்கு சொன்ன வடிவத்திலேயே, தாழ் ஆற்றல் பக்கம் சரிந்து நின்றது. பின்னர் எக்ஸ்.எம்.எம்.–நியூட்டன் அதே திரளை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது வால் மேலும் நீண்டது. கருந்துளை மிக வேகமாகச் சுழல்கிறது என்ற முடிவு வலுத்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் மிக முக்கியமான கேள்வி இதற்குப் பிறகே எழுந்தது. லான்ஸ் மில்லர், ஜேன் டர்னர் முதலானோர் கேட்டது இதுதான்: நீங்கள் வால் என்று காண்பது உண்மையில் வால்தானா? நமக்கும் கருந்துளைக்கும் இடையே, தொலைவில், பலவகை அடர்த்தி கொண்ட வாயு மேகங்கள் ஒளியில் ஒரு பகுதியை மறைத்து உட்கவர்ந்தால், அடிப்படை நிறமாலை வளைந்து, இல்லாத வால் ஒன்று இருப்பதுபோலத் தோன்றாதா? அப்படியானால் வேகமும் ஈர்ப்பும் கோட்டை விரிக்கும் சார்பியல் விளைவும் இல்லை, தற்சுழற்சியின் அளவும் இல்லை. இந்த மறுப்பு எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. அத்தகைய வாயு அங்கே இருப்பது உறுதி. அதன் மெல்லிய உட்கவர் கோடுகளைச் சந்திராவே கண்டிருந்தது. சி.சி.டி. உணரியின் பிரிதிறன் இரும்புக் கோட்டின் அருகே சுமார் 150 எலக்ட்ரான் வோல்ட். அந்த மங்கலில் இரு விளக்கங்களும் ஒரே தரவுக்குப் பொருந்தின. கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்க அடிப்படை நிறமாலையை அறிய வேண்டும், அடிப்படை நிறமாலையை அறியக் கோட்டைத் தனியே பிரிக்க வேண்டும் என்ற சிக்கல் இரு தரப்பையும் கட்டிப்போட்டிருந்தது.

இதிலிருந்து வெளியேற மூன்று வழிகள் இருந்தன. ஆற்றல் எல்லையை மேலே விரிப்பது முதல் வழி. வட்டில் பட்டுத் திரும்பும் கதிர்கள் இரும்புக் கோட்டோடு சேர்த்து 20–30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு மேட்டையும் உண்டாக்கும். ஃபியோனா ஹாரிசன் தலைமையில் 2012 ஜூனில் ஏவப்பட்ட நூஸ்டார், பத்து மீட்டர் நீளக் கம்பத்தை விண்வெளியில் விரித்து, 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான கதிர்களைக் குவித்தது. அது எக்ஸ்.எம்.எம்.–நியூட்டனோடு ஒரே நேரத்தில் என்.ஜி.சி. 1365 திரளை நோக்கியதன் முடிவுகளை குய்டோ ரிசாலிட்டியின் குழு 2013-இல் வெளியிட்டது. உட்கவர்தல் மட்டுமே என்னும் விளக்கம் உயர் ஆற்றல் தரவுக்குப் பொருந்தவில்லை என்றும், கதிர்கள் கருந்துளையின் மிக நெருக்கத்திலிருந்தே திரும்புகின்றன என்றும் அவர்கள் கூறினர். மில்லரும் டர்னரும் அதே ஆண்டில் மாற்று விளக்கத்தோடு பதிலளித்தனர். ஆகவே நூஸ்டார் விவாதத்தை முடித்துவைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மேகங்களைக் கொண்டு மட்டும் எல்லாவற்றையும் விளக்குவதை அது மிகக் கடினமாக்கிவிட்டது.

இரண்டாவது வழி, எனக்கு மிகப் பிடித்தது, காலம். கொரோனா ஒரு நொடி பிரகாசமானால் நேராக வரும் கதிர் முதலில் நம்மை எட்டும். வட்டில் பட்டுத் திரும்பும் கதிர் சற்றுத் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை அளந்தால் தொலைவு கிடைக்கும். இதற்கு இடைவெளியில்லாத நீண்ட நோக்கல் வேண்டும். ஆஸ்கா போலப் பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் பூமியே குறுக்கே வந்துவிடும். பூமியை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் நீள்வட்டப் பாதையில் உள்ள எக்ஸ்.எம்.எம்.–நியூட்டன் ஒரு நாளுக்கும் மேலாகக் கண்ணெடுக்காமல் பார்க்க வல்லது. 1எச் 0707–495 என்ற திரளை 2008-இல் அவ்வாறு பார்த்ததில், திரும்பிவரும் கதிர்கள் சுமார் 30 நொடி பிந்தி வருவதை ஃபேபியனின் குழு 2009-இல் அறிவித்தது. 30 நொடியில் ஒளி கடப்பது 90 லட்சம் கிலோமீட்டர். அது சூரியனைப் போல் 30 லட்சம் மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையின் ஆரத்துக்குச் சமம். கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒன்றைப் பற்றி, அரை நிமிடத் தாமதத்தைக் கொண்டு இத்தகைய அளவைச் சொல்ல முடிகிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

ஆனால் இங்கும் எச்சரிக்கை வேண்டியிருந்தது. 2012-இல் சோக்பி என்ற வானியலாளரின் குழு என்.ஜி.சி. 4151-இல் இதே வகைத் தாமதத்தை இரும்புக் கோட்டிலேயே கண்டதாக அறிவித்தது. கோட்டின் வால் பகுதி முதலிலும், நடுப்பகுதி பின்னரும் மாறுவதாகத் தரவு காட்டியது. வால் உள்ளிருந்து வருகிறது, நடுப்பகுதி வெளியிலிருந்து வருகிறது என்னும் கோட்பாட்டோடு அது அழகாகப் பொருந்தியது. பிறகு 2015-இல் எடுத்த, இன்னும் நீண்ட, இன்னும் தரமான தரவை ஆராய்ந்து, அதே சோக்பி 2019-இல் எழுதிய கட்டுரை அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. இடையிலுள்ள வாயுவின் உட்கவர்தலைச் சரியாகக் கணக்கிட்டால் இந்தத் திரளில் சார்பியல் வாலுக்குச் சான்றில்லை, காணப்பட்ட தாமதமும் உட்கவர்தலின் விளைவாகவே இருக்கக்கூடும் என்று அவர் கூறினார். அதே தரவில், இரும்பின் மெல்லிய கோடு அடிப்படைக் கதிரைவிடச் சுமார் மூன்று நாட்கள் பிந்தி மாறுவதையும் அளந்தார். தம் பெயரை உயர்த்திய ஒரு முடிவைத் தாமே மேலும் தரவு தேடி எடுத்துச் சோதித்து மாற்றி எழுதிய இந்தச் செயலை, கண்டுபிடிப்புகளுக்கு நாம் தரும் மதிப்பைவிடக் குறைவாக மதிக்கக் கூடாது. மறுப்பாளர்கள் சொன்னது என்.ஜி.சி. 4151-இல் பெரிதும் சரியாக இருந்தது. அதனால் எல்லாத் திரள்களிலும் சரியாகிவிடாது. ஒவ்வொரு திரளையும் தனித்தனியே விசாரித்துத்தான் தீர வேண்டும்.

மூன்றாவது வழி பிரிதிறன். துகள் விழுந்ததும் உணரியின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்பதை நேரடியாக அளக்கும் கருவி, சி.சி.டி.யைவிட முப்பது மடங்கு நுட்பமாக, சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் வரை பிரித்துக் காட்டும். அதற்கு உணரியைத் தனிச்சுழியிலிருந்து 0.05 கெல்வின் அளவுக்குள் குளிர்விக்க வேண்டும். ஜப்பான் இக்கருவியோடு 2016 பிப்ரவரி 17 அன்று ஏவிய ஹிட்டோமி, திசைக் கட்டுப்பாட்டுக் கோளாறால் தறிகெட்டுச் சுழன்று, மார்ச் 26 அன்று இழக்கப்பட்டது. அந்தச் சில வாரங்களில் அது பெர்சியஸ் என்ற விண்மீன் திரள்களின் கொத்தை நோக்கியிருந்தது. அக்கொத்தின் நடுவே இருப்பது சைஃபர்ட்டின் என்.ஜி.சி. 1275. அதன் இரும்புக் கோடு மெல்லியதாகவே இருந்ததால், அது கருந்துளையின் ஓரத்திலிருந்து வராமல் வெகு தொலைவில் உள்ள வாயுவிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. இழப்பின் துயரத்தோடு நிற்காமல், அதே கருவியை மீண்டும் செய்து, 2023 செப்டம்பர் 7 அன்று தானெகாஷிமாவிலிருந்து கிரிஸம் என்ற பெயரில் ஏவினார்கள். உணரியின் முன்னுள்ள பாதுகாப்புக் கதவு திறக்க மறுத்துவிட்டதால் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழான கதிர்கள் அதற்கு எட்டுவதில்லை. இரும்புக் கோட்டுக்கு அந்தக் கதவு தடையாக இல்லை.

கிரிஸம் என்.ஜி.சி. 4151-ஐ நோக்கியபோது, மெல்லிய ஒற்றைக் கோடு என்று கருதப்பட்டது மூன்று அகலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கோடு என்று தெரிந்தது. வட்டிலிருந்து ஒன்று, சைஃபர்ட் அகன்ற கோடுகளைக் கண்ட வேகமான வாயுவிலிருந்து ஒன்று, வெளியே சூழ்ந்துள்ள தூசு வளையத்திலிருந்து ஒன்று. படமெடுக்க எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாத ஒரு கட்டமைப்பின் அடுக்குகளை ஒரே கோட்டின் அகலங்கள் பிரித்துக் காட்டிவிட்டன. 2024-இல் அது எக்ஸ்.எம்.எம்.–நியூட்டன், நூஸ்டார் ஆகியவற்றோடு சேர்ந்து எம்.சி.ஜி. –6-30-15-ஐயும் நோக்கியது. இம்முறை மெல்லிய கோடுகளையும், இடையே வீசும் வாயுவின் உட்கவர் கோடுகளையும் தனித்தனியே அடையாளம் கண்டு கழித்துவிட முடிந்தது. கழித்த பிறகும் அந்த அகன்ற வால் இருந்தது. ஆஸ்கா கண்ட வால் அங்கே உண்மையாகவே இருக்கிறது. மறுப்பாளர்கள் சொன்ன மேகங்களும் அங்கே இருக்கின்றன. அந்த மறுப்பு எழாதிருந்தால் இவ்வளவு கவனமாக எவரும் அளந்திருக்க மாட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நமக்குப் பிடிபடாமல் இருப்பது கொரோனா. அதைச் சூடாக்குவது வட்டின் காந்தப்புலம் என்பது பொதுவான எண்ணம். அதன் வடிவம் பற்றிக்கூட உறுதியாகச் சொல்ல இயலாமல்தான் இருந்தோம். கருந்துளையின் அச்சுக்கு மேலே விளக்குபோல் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டே பல தற்சுழற்சிக் கணக்குகள் செய்யப்பட்டுள்ளன. எக்ஸ் கதிர்களின் முனைவாக்கத்தை, அதாவது அவற்றின் அலைகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை, அளக்க 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐ.எக்ஸ்.பி.இ., என்.ஜி.சி. 4151-இல் சுமார் 5 விழுக்காடு முனைவாக்கத்தைக் கண்டது. அதன் திசை, கொரோனா அச்சின் மேல் நிற்பதைவிட வட்டின் மீதே பரந்து கிடக்கிறது என்பதற்கு ஆதரவாக இருக்கிறது. எம்.சி.ஜி. –5-23-16 திரளில் அவ்வாறான தெளிவான அளவு கிடைக்கவில்லை. இதற்கு மேல் இருக்க முடியாது என்ற வரம்பு மட்டுமே கிடைத்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் ஆஸ்ட்ரோசாட், வட்டின் புறஊதா ஒளியையும் கொரோனாவின் எக்ஸ் கதிரையும் ஒரே செயற்கைக்கோளிலிருந்து ஒரே நேரத்தில் பதிவு செய்யும் திறன் பெற்றது. எது முதலில் மாறுகிறது, எது பின்தொடர்கிறது என்று கேட்பதற்கு அத்தகைய தரவு மிக ஏற்றது. அந்தத் தரவும் திறந்தே இருக்கிறது. இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இன்னும் அதிகமாக அதை எடுத்து ஆராய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஐரோப்பா திட்டமிட்டுவரும் நியூஅதீனா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, 2030-களின் பிற்பகுதியில் ஏவப்படுமானால், கிரிஸத்தின் நுட்பத்தைப் பன்மடங்கு பெரிய ஆடிப் பரப்போடு சேர்க்கும். இன்று ஓரிரு நாள் நோக்கி, வந்த துகள்களையெல்லாம் கூட்டிச் சராசரி வடிவம் ஒன்றை மட்டுமே நம்மால் வரைய முடிகிறது. அத்தனை துகள்கள் குறுகிய நேரத்திலேயே கிடைக்குமானால், பிரகாசமான திரள்களில் வட்டு ஒருமுறை சுற்றி வருவதற்குள் கோடு எவ்வாறு மாறுகிறது என்பதையே தொடர்ந்து பார்க்கலாம்.